மூன்றரை வயதில் ஒன்று, எட்டு மாதத்தில் ஒன்று: "என் வளர்ப்பு தப்பா?" என்று கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 27 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறீர்கள். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். மூத்தவனுக்கு மூன்றரை வயது, இளையவளுக்கு எட்டு மாதம். மூத்தவன் கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுகிறான். ஒன்றரை வயதிலிருந்தே எப்போதாவது அழுது அழுது மூச்சு அடைத்து உதடு நீலமாகிவிடுகிறது, போன மாதமும் அப்படி ஒருமுறை ஆனது. பாப்பாவைக் கிள்ளுகிறான். போன் காட்டாமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. நீங்கள் கத்துகிறீர்கள், சில நாள் அடித்தும்விடுகிறீர்கள், அப்புறம் அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறீர்கள். வீட்டுக்காரரோடு எதைப் பேச ஆரம்பித்தாலும் சண்டையில் முடிகிறது. "ஒரு நாள் நல்லா இருக்கு, மறுநாள் எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கு. இது எப்போது சரியாகும்? என் வளர்ப்பு தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்வி இருந்தாலும், எனக்குப் படுவது ஒன்றுதான். எல்லா வீட்டிலும் இப்படித்தானா, இல்லை நம் வீட்டில் மட்டும் ஏதோ கோளாறா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது. அதற்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் அடுத்தவர் வீட்டுக்குள் போவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தபோது பென்னாகரம் பக்கம் சேர்ந்தேன். 2004-இல் மாவட்டம் பிரிந்த பிறகு பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். ஊசி போடவும் எடை பார்க்கவும் பிரசவமான பெண்ணைப் பார்க்கவும் போவோம், போன இடத்தில் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். "நர்சம்மா, கொஞ்சம் உக்காருங்க" என்று பிடித்துவைத்து இவன் சாப்பிடுவதில்லை, இவர் பேசுவதில்லை என்று கொட்டுவார்கள். நான் மருத்துவர் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. பையனையும் உங்களையும் நேரில் பார்க்காமல் சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வளர்ப்பில் தப்பு இருப்பதாக நீங்கள் எழுதியதை வைத்து எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன பெரும்பாலானவை வயதுக் கோளாறு. மீதி, வீட்டில் வேலைக்குக் கை போதாத கோளாறு. தரையில் விழுந்து புரளுவது ஒன்றரை வயதில் ஆரம்பித்து இரண்டு, மூன்று வயதில் உச்சத்துக்குப் போய், நாலு வயதுக்கு மேல் தானாகக் குறையும். இது உறுதியாகத் தெரிந்த விஷயம், எந்தச் சாதி, எந்த வசதி என்றெல்லாம் பார்க்காது. அந்த வயதில் ஆசை மலையளவு இருக்கும், அதைச் சொல்ல வார்த்தை பத்தாது, மனதை அடக்கும் மூளைப் பகுதி வளர இன்னும் பல வருஷம் இருக்கிறது. வேண்டுமென்றே உங்களை மிரட்டுகிறான் என்று தோன்றும். அவ்வளவு திட்டம் போடும் திறமை அவனுக்கு இன்னும் வரவில்லை. ஒரு புரளல் பெரும்பாலும் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். அரைமணி நேரத்துக்கு மேல் நாள்தோறும் பலமுறை போனாலோ, தன்னையே கடித்துக்கொண்டு தலையைச் சுவரில் மோதி அடிபட்டுக்கொண்டாலோ, ஐந்து வயது தாண்டியும் குறையாவிட்டாலோ, பேச்சு வயதுக்கு ஏற்றபடி இல்லாவிட்டாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எதையும் நீங்கள் எழுதவில்லை.

புரளும்போது என்ன செய்வது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தனியாக உட்காரவை என்பார்கள், கட்டிப்பிடி என்பார்கள், கண்டுகொள்ளாதே என்பார்கள். இதில் எது சிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது. ஆனால் ஒன்று நிச்சயம். எதைக் கேட்டு விழுந்தானோ, விழுந்த பிறகு அது கிடைத்தால் அடுத்தமுறை இன்னும் நேரம் பிடித்து விழுவான். நம் ஊர் வீடுகளில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. ஒரே வழக்குக்கு மூன்று கோர்ட்டு இருக்கிறது. அம்மா மறுத்தால் ஆயாவிடம் அப்பீல். ஆயா முந்தானை முடிச்சிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கடைக்குக் கூட்டிப்போய்விடுவார். ராத்திரி அப்பா வந்தால் சுப்ரீம் கோர்ட்டு. பிள்ளை கெட்டிக்காரனாக இருப்பதால்தான் இதைக் கண்டுபிடித்துவிடுகிறான். மாமியாரோடு இதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம். எதற்கெல்லாம் "கிடையாது" என்று மூன்று பேரும் சேர்ந்து சொல்வது என்று இரண்டே இரண்டு விஷயத்தை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருபது விஷயத்துக்குச் சட்டம் போட்ட வீடுகளில் ஒன்றுகூட நிலைத்து நான் பார்த்ததில்லை. புரளும் நேரத்தில் பேச்சு வேண்டாம். அடிபடாத இடமாகப் பார்த்து, அவன் கண்ணில் படும்படி பக்கத்தில் இருங்கள். புத்தி சொல்வதெல்லாம் அப்புறம், அதுவும் ஒரே வரியில்.

மூச்சு அடைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவருக்கு உயிரே போய்விடும். வீறிட்டு அழுது, மூச்சை வெளியே விட்டு, உள்ளே இழுக்காமல் அப்படியே நின்று, உதடு நீலமாகி, சில பிள்ளைகள் துவண்டும் விழும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து, ஆறு வயதுவரை சில பிள்ளைகளுக்கு இது வரும். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தானாக மூச்சு திரும்பிவிடும். அந்த நேரத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். குலுக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெங்காயம் நசுக்கி மூக்கில் வைப்பதும் வேண்டாம். அழுகையோ வலியோ பயமோ இல்லாமல் திடீரென்று வந்தாலும், தூக்கத்திலோ ஓடி விளையாடும்போதோ வந்தாலும், ஒரு நிமிஷத்தில் தெளியாவிட்டாலும், கைகால் வெட்டிவெட்டி இழுத்தாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தசோகை இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த மூச்சடைப்பு அதிகம் வருகிறது என்பதும், இரும்புச்சத்து கொடுத்தால் பலருக்குக் குறைகிறது என்பதும் தெரிந்த உண்மை. அதனால் அவனுக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. உண்மையிலேயே மூச்சடைப்புதானா, வலிப்பா, இதயத்தில் ஏதாவதா என்பதை மருத்துவர் ஒருமுறை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எழுத்தை வைத்து நான் சொல்லக் கூடாத இடம் இது.

காலையில் டீயில் பன்னோ வறுக்கியோ நனைத்துக் கொடுக்கும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால் நிறுத்துங்கள். டீ, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பாலும் அளவோடுதான், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு நிறைந்துவிடும், சோறு இறங்காது, பாலில் இரும்புச்சத்தும் பெரிதாகக் கிடையாது. வீட்டில் கறவை மாடு இருக்கிறது என்பதற்காகச் செம்பு செம்பாகப் பால் குடித்தே வெளுத்துப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு அது நம்பவே முடியாது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு கணக்கு சொல்கிறேன், பாதிக் கவலை அதிலேயே போய்விடும். மூன்று கிலோவாகப் பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது, அதாவது மூன்று மடங்கு. அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். அப்படியென்றால் அவனுக்குப் பசி குறைந்துதானே ஆக வேண்டும்? "சின்னதில் நல்லா சாப்பிட்டான், இப்போ சாப்பிடறதே இல்லை" என்று எல்லா வீட்டிலும் கேட்டதற்குக் காரணம் இதுதான். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் கையில். எவ்வளவு என்பதை அவன் வயிற்றிடம் விட்டுவிடுங்கள். எடைப் பதிவேட்டில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் அவன் சாப்பிடுகிறான் என்றுதான் அர்த்தம். கேழ்வரகுக் கூழும் களியும் நம் ஊர்ச் சாப்பாடு, 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கடையில் விலை கொடுத்து வாங்கும் சத்துப் பவுடர் டப்பாவுக்கு அவசியமே இல்லை. கீரை கடைந்து களியோடு கொடுத்து, மேலே ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கொடுத்தால் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும்.

போன் காட்டி ஊட்டினால் வயிறு நிறைந்தது அவனுக்கே தெரியாது, பசியும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதுக்குள் அறவே வேண்டாம் என்பது. போன் பார்ப்பதால்தான் பிடிவாதம் வருகிறது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பிடிவாதக்காரப் பிள்ளையைச் சமாளிக்கத்தானே போன் கொடுக்கிறோம், எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் போனை எடுத்துவிட்டால் நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. எடுத்தால் மூன்று நாலு நாள் உண்ணாவிரதம் இருப்பான். அந்த நாட்களை வீட்டுக்காரருக்கு வாரவிடுமுறை வரும் நாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் மனம் இளகிக் கொடுத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், நீங்கள் போனை எங்கே வைக்கிறீர்கள்? பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது பார்க்கத்தான் தோன்றும், அதில் தப்பில்லை. அவன் கண்ணில் படாமல் பாருங்கள், போதும்.

ஒரு இடைச்செருகல். நம் பக்கம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர், தண்ணீரைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். எட்டு வயதுவரை பிள்ளைகளுக்கு நிலையான பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும், அந்தச் சமயத்தில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் திட்டு விழும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதனால் பிள்ளைகள் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது காவிரித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்க இருக்கட்டும்.

பாப்பாவைக் கிள்ளுவதற்கு வருவோம். அவனுடைய நிலையிலிருந்து பாருங்கள். இரண்டே முக்கால் வருஷம் வீட்டில் அவன்தான் ராஜா. திடீரென்று ஒருத்தி வந்து அம்மா மடியில் படுத்துக்கொண்டாள், பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவளையே தூக்குகிறார்கள், அவனைப் பார்த்து "இனி உனக்கு மவுசு போச்சுடா" என்று கிண்டல் வேறு. இந்தக் கிண்டலை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், உறவுக்காரர்கள் விளையாட்டுக்குச் சொல்வது பிள்ளை நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். திரும்பவும் படுக்கையில் ஒன்றுக்குப் போவது, மழலை பேசுவது, தானும் பால் குடிக்க வேண்டும் என்பது எல்லாம் இதோடு சேர்ந்து வரும், தானாகப் போகும். நான் பார்த்தவரை பலன் கொடுத்தது பெரிய உபாயம் ஒன்றும் இல்லை. தினமும் ஒரு கால்மணி நேரம் பாப்பாவை மாமியார் கையில் கொடுத்துவிட்டு அவனோடு மட்டும் இருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போனால்கூடப் போதும். "நீ பெரிய பையன், நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், மூன்றரை வயது பெரிய பையன் இல்லை. கிள்ளினால் கையைப் பிடித்து விலக்கி, "கிள்ளக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதலில் பாப்பாவைத் தூக்குங்கள். அவர்கள் இருவரையும் தனியாக விட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட அடுப்படிக்குப் போகாதீர்கள்.

கிள்ளுவதைவிட எனக்குப் பயம், அவன் பாசத்தில் பாப்பா வாயில் எதையாவது வைத்துவிடுவது. மாசி, பங்குனியில் நம் பக்கம் திண்ணைதோறும் புளி தட்டும் வேலை நடக்கும், வீடெல்லாம் புளியங்கொட்டை கிடக்கும். நிலக்கடலை அறுவடையானால் மூலைக்கு மூலை கடலைப்பயிறு. எட்டு மாதப் பிள்ளை தவழ்ந்து வந்து பொறுக்கி வாயில் போடும், மூத்தவன் மூக்குக்குள் திணித்துக்கொள்வான். நாலைந்து வயதுவரை முழுக் கடலை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டிவரும். மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான்.

இனி நீங்கள் அடிப்பதைப் பற்றி. அடி பயன் தராது என்பது என் இரக்க குணத்தால் சொல்வது இல்லை. உலகம் முழுக்கப் பல வருஷம் ஆராய்ந்து பார்த்ததில், அடி வாங்கும் பிள்ளைகள் அந்த நிமிஷம் அடங்கினாலும், போகப் போக முரட்டுத்தனம்தான் கூடுகிறது என்று திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. பாப்பாவைக் கிள்ளினான் என்று அவனை அடித்தால், பெரியவர்கள் சின்னவர்களை அடிக்கலாம் என்றுதான் அவனுக்குப் புரியும். அதற்காக, எப்போதோ ஒரு அடி விழுந்ததால் அவன் வாழ்க்கையே கெட்டுவிட்டது என்று உட்கார்ந்து அழவும் தேவையில்லை. தூங்கும் பிள்ளையிடம் அழுவதைவிட, முழித்த பிறகு "அம்மா அடிச்சது தப்பு, கோவத்துல அடிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள். பாப்பா விஷயத்தில் மட்டும் சமரசமே கிடையாது. எவ்வளவு அழுதாலும் கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. சில நொடி வேகமாகக் குலுக்கினாலே மூளைக்குள் இரத்தம் கசியலாம், உயிரே போகலாம். அந்த அளவுக்குக் கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, மூத்தவனையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

"நாங்க ஏழு பெத்து வளத்தோம், இப்படியா அங்கலாய்ச்சோம்" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. ஏழு பிள்ளை இருந்த வீட்டில் மூன்றாவது பிள்ளையை வளர்த்தது முதல் பெண்தான். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அவர்கள், இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் சின்னம்மா, எதிர்வீட்டில் அத்தை என்று தூக்க ஆள் இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது, 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் 2020-இல் அது 13. அந்தக் காலத்துத் தாய் அழவில்லை என்று யார் சொன்னது? இதையெல்லாம் மாமியாரிடம் வாதாடச் சொல்லவில்லை. "அத்தே, நீங்க எப்படித்தான் சமாளிச்சீங்க" என்று ஒருநாள் உண்மையாகவே கேட்டுப் பாருங்கள். பல வீட்டில் அந்தக் கேள்விக்கப்புறம் பாட்டியம்மாவே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் வயசாகிவிட்டது, மாங்காய் சீசனில் தோட்டத்து வேலையும் இருக்கிறது, எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட முடியாது என்பதும் நியாயம்தான்.

வீட்டுக்காரர் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கிறவருக்கு இரண்டு பிள்ளைகள் கத்தும் வீட்டில் தூக்கம் எங்கே வரும்? நீங்கள் ராத்திரி நாலுமுறை எழுந்திருக்கிறீர்கள். தூங்காத இரண்டு பேர் பேசினால் அது பேச்சாக இருக்காது. முதல் குழந்தை பிறந்த பிறகு கணவன் மனைவி ஒற்றுமை குறைவது பல நாடுகளிலும் பார்த்த விஷயம். பிள்ளைகள் வளர்ந்ததும் அது தானாகத் திரும்பிவிடுமா என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்ட வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. "எந்த ஷிப்டாக இருந்தாலும் மூத்தவனைக் குளிப்பாட்டுவது உங்கள் வேலை" என்று ஒன்றை முழுசாகக் கொடுத்த வீட்டில் நடந்தது. கொடுத்த பிறகு சோப்பு சரியாகப் போடவில்லை, சட்டை மாற்றிப் போட்டுவிட்டார் என்று பின்னாலேயே போய்த் திருத்தக் கூடாது, அப்படித் திருத்தினால் வேலை உங்களிடமே திரும்பி வந்துவிடும். வாரவிடுமுறையில் நாலு மணி நேரம் தொடர்ச்சியாக நீங்கள் தூங்க வேண்டும், பாப்பாவுக்கு அப்போது கூழ் கொடுக்கலாம், எட்டு மாதம் ஆகிவிட்டது. சண்டை போட வேண்டியதை அவர் பஸ் இறங்கி வந்ததும் வாசலில் வைத்து ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தாய்ப்பால் கொடுப்பதால் கரு தங்காது என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு முதல் ஆறு மாதத்துக்குத்தான், அதுவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான். இப்போதைய நிலையில் மூன்றாவது உண்டானால் இன்றைய கஷ்டம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், ஊசி இருக்கிறது. இரண்டு போதும் என்று முடிவு செய்துவிட்டால் ஆண்களுக்கான கருத்தடை பெண்களுக்கானதைவிட எளிது, கத்தி வைக்காமலே செய்கிறார்கள். நம் ஊரில் ஆண்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள், தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

"ஓடிவிடலாம் போல இருக்கு" என்று எழுதிய வரியை நான் இரண்டுமுறை படித்தேன். அலுப்பில் எல்லாத் தாயும் சொல்வதுதான் இது, பெரும்பாலும் ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு வேறு. நம் நாட்டில் ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு வருகிறது, முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, பாப்பாவைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாமல் இருப்பது, நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று நினைப்பு ஓடுவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது அலுப்பு இல்லை, நோய். மருந்து இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்தும் இருக்கிறது. கயிறு மந்திரித்துக் கட்டுவதை நான் தடுக்க மாட்டேன், கட்டிக்கொண்டு அப்படியே மருத்துவரையும் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு எது என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்களே மேலே சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் போய்விடுங்கள்.

எப்போது சரியாகும் என்றால், மூத்தவன் நாலரையைத் தொடும்போது அவனுடைய புரளல் நன்றாகக் குறைந்திருக்கும். ஆனால் அப்போது இளையவள் ஒன்றே முக்கால் வயதில் தரையில் விழ ஆரம்பித்திருப்பாள். ஆகமொத்தம் இன்னும் இரண்டு, இரண்டரை வருஷம் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும், பொய் சொல்ல விரும்பவில்லை. அவளுக்குப் பேச்சு வந்து இரண்டு பேரும் சேர்ந்து விளையாட ஆரம்பித்தால் வீட்டில் சத்தம் குறையாது, ஆனால் அந்தச் சத்தத்தில் நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள். நல்ல நாட்களும் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், வீட்டில் யார் இருந்தார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள். அவனுடைய குணம் மாறியதைவிட இதுதான் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மாதம் செய்ய வேண்டியது. மூத்தவனைப் பால்வாடியில் விட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வயது முடிந்தாலே சேர்க்கலாம், காலையில் சில மணி நேரம் அவனுக்கும் விளையாட ஆள் கிடைக்கும், உங்களுக்கும் ஒரு பிள்ளையோடு மூச்சு விட நேரம் கிடைக்கும். முதல் வாரம் அழுவான். அடுத்து, பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியும் முதல் வைட்டமின் ஏ சொட்டும் இருக்கிறது. அன்றைக்கு மூத்தவனையும் கூடவே கூட்டிப்போங்கள். அவனுக்கும் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ உண்டு. இரண்டு பேருக்கும் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். மூத்தவனின் மூச்சடைப்பைச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்கக் கேளுங்கள், வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பையும் கேட்டு வாங்குங்கள். ஊசி போடுவது புதன்கிழமை, அதனால் முடிந்தால் வீட்டுக்காரருக்கு விடுமுறை உள்ள புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள், இரண்டு பிள்ளையை ஒருத்தி தூக்கிக்கொண்டு டவுன்பஸ் ஏற முடியாது. இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று வந்து எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.